பிந்தி அடித்த சாயங்கால மணி

கோணமலைத் தோட்டத்தில் அழகுமுத்துவைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது. நோர்வூட் பஜாரில் அரிசி வாங்கினால் தராசுத் தட்டின் அடியில் விரல்விட்டுத் தடவிப் பார்ப்பார். பஸ்ஸில் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். மகள் அழகம்மாவுக்கு நோட்டன் பிரிட்ஜிலிருந்து சம்பந்தம் வந்தபோது, பையன் மின்சார நிலையத்தில் வேலை செய்கிறான் என்றார்கள். அழகுமுத்து பஸ் ஏறிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, பையன் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வருவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வெற்றிலை மாற்றினார்.

அப்படிப்பட்டவரைத்தான் தோட்டமே சந்தேகப்பட்டது. ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில், கல்யாணத்துக்கு நாள் குறித்து, தை பிறக்கக் காத்திருந்த நேரத்தில்.

விஷயம் மணிக்கூண்டைப் பற்றியது. அந்தத் தோட்டத்துப் பெரிய துரை சீமையில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே ஓர் உயரமான கோபுரத்தில் மணிகள் வரிசையாகத் தொங்குமாம், மணிக்கு மணி பாட்டு வாசிக்குமாம். சிலோனுக்கு வந்து தேயிலைக்கு நடுவே தலை நரைத்த பிறகும் அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சி முடிந்து, மற்ற துரைமார் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கப்பலில் மணிகளை வரவழைத்தார். பெரிதும் சிறிதுமாக ஐந்து மணி, கூடவே ஒரு கடிகாரம். எல்லாம் ரயிலில் ஹட்டனுக்கு வந்து, லொறியில் தோட்டத்துக்கு ஏறி வந்தன.

இலை அரைக்கும் அறையில் வேலை செய்துகொண்டிருந்த அழகுமுத்து அன்றைக்கு லொறியிலிருந்து மணிகளை இறக்கக் கயிறு போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் மூன்று தரம் இழுத்துப் பார்த்து, மற்றவன் போட்ட முடிச்சை அவிழ்த்துத் தானே மறுபடி போட்டதைத் துரை கவனித்தார். யாரையும் நம்பாத இந்த ஆள்தான் கடிகாரத்துக்குச் சரி என்று முடிவு செய்துவிட்டார். கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக் சாவி கொடுக்கவும், எண்ணெய் போடவும், மேலறையிலுள்ள ஒரு திருகைத் திருப்பி ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கவும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூண்டு கட்டிய இடம்தான் கொஞ்சம் வில்லங்கம். தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரமும் அதனடியில் முனிசாமிக் கல்லும் இருந்தன. துரை மரத்தை வெட்டச் சொன்னார். பொங்கலும் சேவலும் கொடுத்து, கல்லை ஆற்றோரம் கொண்டுபோய் வைத்தார்கள். கல் போய்விட்டது, முனி போகவில்லை என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கூண்டின் அடியில் பூட்டிய ஓர் இருட்டறை. அதற்குள் இரும்புக் குண்டு ஒன்று நீளக் கம்பியில் தொங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். கடிகாரத்துக்கு அது ஊசல். லயத்துக்கு அது ஊஞ்சலாடும் முனி. அழகுமுத்து இதையெல்லாம் நம்புவதில்லை என்றுதான் சொல்வார். ஆனாலும் தன் வேலையை மேலறையோடு முடித்துக்கொள்வார். கீழறைக் கதவைத் திறந்து அவர் வருஷக்கணக்காகிவிட்டது.

கோணமலையில் காலை வேலைக்குத் தப்பு அடிப்பார்கள். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களத்தில் நேரத்தைத் துரையின் கைக்கடிகாரம் சொல்லும். சாயங்காலக் கொழுந்து நிறுவைக்கும், அதன் பிறகு வீட்டுக்குப் போவதற்கும் மட்டும்தான் மணிக்கூண்டு. ஐந்து மணிகளும் துரையின் பாட்டை வாசித்து முடிக்கும்வரை கூடையை இறக்கக் கூடாது. அதனால் காலையில் கூண்டு பிந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. சாயங்காலம் பிந்தினால் தோட்டம் முழுவதும் கூடுதலாக நின்று கொழுந்து பறிக்க வேண்டும்.

கூண்டு பிந்த ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவர் பஜாரில் கடை வைத்திருந்த நூர்தீன் நானா. அவர் கடையில் ரேடியோ இருந்தது. தோட்டம் பஜாருக்கு நேர் மேலே. மேகம் விலகிய நாளில் மணிச் சத்தம் கடைவரைக்கும் இறங்கி வரும். ரேடியோக்காரன் நேரம் சொல்லி முடித்து, பாட்டும் போட்டு முடித்த பிறகுதான் உங்கள் துரை மணி மெதுவாக எழுந்து வருகிறது என்று, சாமான் வாங்க வந்தவர்களிடம் அவர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பாகக் கிளம்பியது, மலையேறி லயத்துக்கு வந்து சேர்ந்தபோது சிரிப்பாக இல்லை.

உண்மையில் அழகுமுத்துவுக்கு இது முன்பே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை கொடுத்த பாக்கெட் கடிகாரத்தை நானாவின் ரேடியோவோடு ஒத்துப் பார்த்து, மேலே ஏறிக் கூண்டு முள்ளைச் சரிசெய்வது அவர் வழக்கம். ஒவ்வொரு தடவையும் கூண்டு பின்தங்கியிருந்தது. திருகைச் சற்றுத் திருப்பி ஓட்டத்தைக் கூட்டினார். ஒரு வாரம் பரவாயில்லை, அடுத்த வாரம் மறுபடி பின்னால். மறுபடி திருப்பினார். வெளியே சொல்லவில்லை, சொன்னால் துரை தன் தலையில் போடுவார் என்ற பயம். யாரோ திருட்டுச் சாவி வைத்துக்கொண்டு முள்ளை நகர்த்துகிறான் என்று தீர்மானித்தார். முதலில், துரைக்கு அடுத்தபடி வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மேல் சந்தேகம்: கூடுதல் கொழுந்து வந்தால் அவருக்குத்தானே நல்ல பெயர். பிறகு தொழிலாளர் சங்கத் தலைவர் செல்லசாமி மேல்: அவருடைய மச்சானுக்கு இந்த வேலைமேல் ஒரு கண் உண்டு. மேலறைப் பூட்டில் மெழுகு ஒட்டிப் பார்த்தார். மெழுகு கலையவில்லை. மெழுகு வைப்பது தெரிந்த ஆள்தான் செய்கிறான் என்று சந்தேகம் இன்னும் கூடியது.

அவர் முள்ளைத் தள்ளிக்கொண்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டாள். லயத்தில் அடுத்த அறையில் இருக்கும் காம்பிராக்காரி, கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி, வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. முள் முன்னே போனதா பின்னே போனதா என்று அங்கேயிருந்து தெரியாது. கை வைத்தது தெரிந்தது, அது போதாதா? தண்ணீர்ப் பீலியடியில் அழகுமுத்துவின் மனைவி சண்முகவடிவு குடத்தை வைத்தபோது, துரைக்கு நேரம் திருடிக் கொடுக்கிறவர் வீட்டுக்காரிக்கு முதலில் வழிவிடுங்கள் என்று பேச்சியம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். வடிவு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் என்று செல்லசாமி சொல்லி அனுப்பினார். குற்றம் உறுதியானால் அழகுமுத்துவைச் சங்கத்திலிருந்து நீக்குவார்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தோட்டத்தில் ஒருவரும் போகக் கூடாது. நல்லது கெட்டது என்றால், முன்னால் நிற்பது அழகம்மாவின் கல்யாணம். ஆளில்லாத பந்தலைப் பார்த்தால் நோட்டன் பிரிட்ஜ்காரர்கள் பந்தலுக்குள் காலெடுத்து வைப்பார்களா?

கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலறையில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பி போகும் ஓட்டை வழியாகக் கீழேயிருந்து ஒரு வாசனை ஏறி வந்தது. கற்பூரம். அழகுமுத்து சாவியை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் கற்பூரத்துக்கும் பயப்படவில்லை, முனிக்கும் பயப்படவில்லை. ஆள் யார் என்பதைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியில் பயப்பட மறந்துபோனார்.

கூண்டடியில் யாரும் இல்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. இடுப்பிலிருந்த சாவியால் திறந்து பார்த்தால், ஆடும் குண்டின் நெற்றியில் குங்குமம். குண்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனியில் கொத்தாக மஞ்சள் துணி முடிச்சுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, உள்ளே காசு கனக்க. குண்டோடு சேர்ந்து அவையும் ஆடின. ஒரு முடிச்சைப் பிடித்துத் திருப்பினார். துணியின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு சலவைக் குறி. அவருடைய வேட்டியின் குறி.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் வேட்டியைத் திருடிக் கிழித்து, முனியிடம் முடிந்துவைத்து, யாரோ தனக்குச் செய்வினை செய்திருக்கிறார்கள். மேற்கொண்டு தொடப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மூச்சு வாங்கியபடி, வேட்டி காணாமல் போனதா, கொடியில் காயப்போட்டபோது பக்கத்தில் யார் வந்தார்கள், பேச்சியம்மா வந்தாளா என்று மனைவியிடம் கேள்விமேல் கேள்வி போட்டார். வடிவு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"வேட்டி ஒங்களதுதாங்க," என்றாள். "முடிஞ்சது நானு."

அழகுமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழறையின் இன்னொரு சாவி வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது, அதை எடுத்துப் போய்த்தான் இன்றைக்கும் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தாள். முதல் முடிச்சு சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டபோது போட்டது. அது இன்னும் வரவில்லை, முடிச்சும் அப்படியே இருக்கிறது. இரண்டாவது, மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று. இடம் வந்துவிட்டது, தாலி ஏறினால்தான் அவிழ்க்க முடியும். அதற்கப்புறம் போட்டதெல்லாம் அவருக்காக. பீலியடியில் ஒரு பேச்சுக் கேட்டால் ஒரு முடிச்சு, கொழுந்து மலையில் ஒரு பேச்சுக் கேட்டால் இன்னொன்று. என் வீட்டுக்காரர் பேர் சுத்தமாக வேண்டும், முனிசாமி, என்று.

"அடிப்பாவி," என்றார் அழகுமுத்து. "நீ முடிய முடியத்தான்டி அது பிந்தியிருக்கு. அது பிந்தப் பிந்தத்தான் அவங்க பேசியிருக்காங்க."

மெக்கானிக் சொன்னது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது: குண்டுக்குக் கீழே கனம் கூடினால் கடிகாரம் சோம்பும். எழுந்து, போய் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். வடிவு வாசலை மறித்துக்கொண்டாள். நிறைவேறாத வேண்டுதலை அவிழ்த்தால் குடும்பம் விளங்குமா? அதுவும் கல்யாணத்தை வைத்துக்கொண்டு? கடிகாரம் ஓடினால் என்ன, நின்றால் என்ன என்று அழவும் ஆரம்பித்துவிட்டாள். அழகுமுத்து திரும்பி உட்கார்ந்தார். முனியை நம்பாதவர்தான், ஆனால் மகள் விஷயத்தில் முனியைச் சோதித்துப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஆள் நிறைந்திருந்தது. செல்லசாமி படிக்கட்டில் ஏறி நின்று குற்றத்தைச் சொன்னார். பேச்சியம்மா கண்டதைச் சொன்னாள், காணாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள். அழகுமுத்துவின் முறை வந்தபோது, நான் பேசப் போவதில்லை, வந்து பாருங்கள் என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் அவர் பின்னாலேயே மணிக்கூண்டுக்கு நடந்தது.

கதவு திறந்ததும் முன்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அழகுமுத்து நடந்ததைச் சொல்லி முடித்தார். பின்னால் யாரோ ஒருவன், புருஷனும் பெண்சாதியும் நேற்று ராத்திரி உட்கார்ந்து இதைக் கட்டியிருப்பார்கள் என்றான். பேச்சியம்மா உடனே உள்ளே புகுந்து, கொத்தைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தாள். அடி முடிச்சில் மஞ்சள் வெளுத்துப் பூசணம் பிடித்திருந்தது. பழசுதான் என்று அவளே சொல்லும்படி ஆயிற்று. அதைச் சொல்ல அவளுக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

செல்லசாமி மேடைகளில் சாமி கிடையாது என்று பேசுகிறவர். அவருக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது.

"சரிண்ணே, இதையெல்லாம் அவுத்துப் போடுங்க. மணி ஒழுங்கா ஓடுதான்னு பாப்போம். ஓடுச்சுன்னா ஒங்க பேரு சுத்தம்."

சண்முகவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பேரு சுத்தமாகணும்னுதாங்க முடிஞ்சிருக்கேன். சுத்தமாகாம எப்படி அவுக்கிறது?"

"அவுத்தாத்தானேம்மா மணி ஓடும்? ஓடுனாத்தானே பேரு சுத்தமாகும்?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க. பொறகு அவுக்கிறேன்."

செல்லசாமி கூட்டத்தைப் பார்த்தார். யாராவது ஒரு ஆள் போய் அவிழ்த்துவிட்டால் கதை முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. அடுத்தவர் வேண்டுதல் முடிச்சில் கைவைக்க யாருக்குப் பைத்தியமா?

"தலைவரே அவுக்கட்டும்," என்றாள் பேச்சியம்மா. "அவருக்குத்தான் சாமி கிடையாதே."

செல்லசாமி இரண்டடி முன்னால் போனார். இருட்டில் குண்டு அவரை நோக்கி வந்தது, போனது, மறுபடி வந்தது. நெற்றியில் குங்குமம். அவர் கை பாதி தூரம் நீண்டு, பிறகு சட்டைப் பைக்குத் திரும்பி, கைலேஞ்சியை எடுத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாரத் தவணைக்குப் பேர் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம், வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். தவணைக்கெல்லாம் சாமி ஒத்துக்கொள்ளாது என்று வடிவு சொன்னாள். கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. சிரிப்பு வந்தபிறகு கூட்டத்தைப் பிடிப்பது கஷ்டம் என்பது செல்லசாமிக்குத் தெரியும். அழகுமுத்து குற்றமற்றவர், சங்கம் இதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

அழகுமுத்து குண்டைக் கையால் பிடித்து நிறுத்தினார். வடிவு கொத்தைக் கழற்றி, புருஷனுக்காகப் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மடியில் போட்டாள். மகளுக்குப் போட்டதையும், பூசணம் பிடித்த பழைய முடிச்சையும் மறுபடி கம்பியில் கட்டினாள். அந்தப் பழசு எதற்கு என்று செல்லசாமி கேட்டார். பிரஜாவுரிமைக்கு என்றாள். அதை அவிழ்க்கும்படி யாரும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த வாரம் முழுவதும் சாயங்கால மணி சுறுசுறுப்பாக அடித்தது. கொழுந்து நிறுவை சீக்கிரமாக முடிந்தது. பெண்கள் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். பேச்சியம்மா ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு நான்தான் குலவை போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அழகுமுத்துவுக்கு இந்தத் திடீர் இனிப்பு பிடிக்கவில்லை. பாக்கெட் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு பஜாருக்கு இறங்கினார்.

நூர்தீன் நானா அவரைக் கண்டதும், "என்ன முத்து, ஒங்கட மணி இப்ப ரேடியோவ முந்திக்கிட்டு வருது," என்றார்.

அப்போதுதான் அழகுமுத்துவுக்கு உறைத்தது. முடிச்சின் கனத்துக்கு ஈடுகட்ட அத்தனை மாதமும் திருகைத் திருப்பித் திருப்பி ஓட்டத்தைக் கூட்டியிருந்தாரே. கனம் போய்விட்டது, திருகு அப்படியே இருக்கிறது. திரும்பும் வழியில் செல்லசாமி எதிரே வந்தார். அவருக்கும் விஷயம் புரிந்திருந்தது போலும். கல்யாணம் முடியும்வரை மணி இப்படியே ஓடினால் நல்லது, சனங்கள் சந்தோஷமாக வருவார்கள் என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றிரவு அழகுமுத்து இதைப் புரட்டிப் புரட்டி யோசித்தார். அப்படியே விட்டால் பந்தல் நிறையும், அது நிச்சயம். ஆனால் செல்லசாமி ஏன் சொன்னார்? நாளைக்கு ஒரு தகராறு வந்தால், அன்றைக்கு மணியை முந்தவிட்டவன்தானே நீ என்று கேட்க ஒரு பிடி வேண்டாமா? பேச்சியம்மாவின் பூசணிக்காயும் அப்படித்தான். மணி முந்துவதால் வந்த காய், மணி சரியானால் போய்விடும். பொய்யாக ஓடும் மணியை நம்பி மகளுக்குப் பந்தல் போடுவதா? யாரையும் நம்பாத மனிதருக்கு அது ஒத்துவரவில்லை. விடிந்ததும், வெள்ளிக்கிழமை காலையில், கூண்டில் ஏறித் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். முள்ளையும் நேராக்கினார். வடிவிடம்கூடச் சொல்லவில்லை.

கெட்ட நேரம், அன்று மத்தியானமே பெரிய துரை கூப்பிட்டு அனுப்பினார். வாரம் முழுக்க மணி முந்தியதை அவரும் தன் கைக்கடிகாரத்தில் பார்த்திருந்தார். சங்கம் உன்னை வளைத்துப் போட்டுவிட்டதா என்று கண்டாக்கையாவை மொழிபெயர்க்க வைத்துக் கேட்டார். காலையிலேயே சரிசெய்துவிட்டேன் என்று அழகுமுத்து சொன்னார். கண்டாக்கையா அதைத் துரைக்குச் சொன்ன தோரணையிலேயே, சொல்கிறவரே அதை நம்பவில்லை என்பது தெரிந்தது. அழகுமுத்து துரை ஆபீஸ் படியேறியதையும் இறங்கியதையும் மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சாயங்காலம் மணி முந்தாமல் சரியான நேரத்துக்குத்தான் அடித்தது. கூடையோடு நின்றவர்களில் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

தை பிறந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். வாழை கட்டி, பாய் விரித்து, நோட்டன் பிரிட்ஜ்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியும் ஆயிற்று. சம்பந்தி பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்து ஆட்கள் எங்கே என்று மரியாதையாகக் கேட்டார். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்று அழகுமுத்து சொன்னார். சொல்லிவிட்டு லயத்துப் பாதையைப் பார்த்தபடி வாசலில் நின்றார். பாதையில் ஒரு நாய் மட்டும் வந்தது. வடிவு உள்ளேயிருந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள்.

மேளக்காரர்கள் வாத்தியத்தைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியபோது, லயத்துக் கோடியிலிருந்து பேச்சியம்மா தெரிந்தாள். சேலை சரியாகக் காயாமல் கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் வீட்டு ஆட்கள், அதற்குப் பின்னால் அடுத்த லயம், இன்னும் பின்னால் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி செல்லசாமி.

பேச்சியம்மா வாசலில் நின்றாள். "நேத்தும் மணிய நேரத்துக்கு அடிக்க விட்டீங்க. வீட்டுக்கு வந்து சேலைய அலசிக் காயப்போட நேரம் எங்க இருந்துச்சு? ஈரத்தோட வாறோம்."

"வாம்மா, உள்ள வா."

"தொரை கூப்பிட்ட பொறகுதானே திருப்புனீங்க?"

"இல்ல. காலையிலேயே திருப்பிட்டேன்."

"அதுக்கு யாருண்ணே சாட்சி?"

அழகுமுத்து சந்தனத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மேலறையில் அவரோடு அன்று யாரும் இல்லை. யாரையும் அவர் ஒருபோதும் அங்கே ஏறவிட்டதில்லை.

"அதானே பாத்தேன்," என்றாள் பேச்சியம்மா. முந்தானை ஈரத்தைப் பிழிந்து உதறிவிட்டு, உள்ளே போய், மணவறைக்கு முன்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, முதல் குலவையைப் போட்டாள்.